தெளிப்பும் முழுக்கும் என் பிள்ளையும்

யாராவது என் முன்னால் உட்கார்ந்துகொண்டு தெளிப்பு ஞானஸ்நானம் செல்லுமா, முழுக்கு ஞானஸ்நானம் செல்லுமா என்று பேச ஆரம்பித்தால் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். போன மாதம் மார்க்கையன்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் அப்படித்தான் ஆனது. பந்தியில் எனக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர், இன்னொருவர் பெந்தெகொஸ்தே. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா கூடாதா என்று, இலையிலிருந்து ரசம் மடியில் ஓடுவதுகூடத் தெரியாமல், வசனத்துக்கு வசனம் எடுத்து வீசிக்கொண்டிருந்தார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். "என்னாச்சுத்தா, சோறு பிடிக்கலையா?" என்று பரிமாறியவர் கேட்டார். சோறு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இதை எழுதத் தொடங்கினேன். பேர் எதுவும் எழுதப் போவதில்லை, என் பேரையும் சேர்த்துத்தான்.

நான் பிறந்தது ஆர்.சி. குடும்பத்தில். சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், நடுவில் கோயில். நாங்கள் சர்ச் என்று சொல்வதில்லை, கோயில்தான். பிறந்த எட்டாம் நாள் என்னை ஞானத்தாயின் கையில் கொடுத்து, தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றி, பேர் வைத்தார்கள். எங்களில் தண்ணீரும் பேரும் ஒன்றாகத்தான் வரும். சாமியார் ஊற்றும் வரைக்கும் பிள்ளை வெறும் பிள்ளைதான். ஜென்மப் பாவம் கழுவாமல் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது அடுப்பை அணைக்காமல் வெளியூர் போகிற மாதிரி என்பாள் என் அம்மா.

படித்து முடித்து சின்னமனூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். கீழே சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை. அந்தக் கடைக்காரரைத்தான் கட்டிக்கொண்டேன். அவருடைய அப்பா, அதாவது என் மாமா, பைபாஸ் ஓரத்துத் தகரக் கொட்டகைச் சபையில் மூப்பர். ஒரு காலத்தில் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்த மனுஷன். நாற்பது வயதில் ஆற்றில் முங்கி எழுந்தவர் அதன்பிறகு ஒரு சொட்டு தொட்டதில்லை. அவருக்கு அந்த முழுக்கு உண்மையிலேயே நடந்தது, அதை நான் ஒருநாளும் கேலி பேச மாட்டேன்.

ஆனால் அவருக்கு நடந்த மாதிரியே ஊரில் எல்லோருக்கும் நடக்க வேண்டும் என்று நின்றார். "புத்தி தெரிஞ்சு, பாவத்தை அறிக்கை பண்ணி, தன் கால்ல நடந்து போயித் தண்ணிக்குள்ள இறங்கணும். தூங்குற பிள்ள தலையில ஊத்துறது குளிப்பாட்டுறதும்மா, அது ஞானஸ்நானமா?" என்பார். நான் முழுக்கு எடுத்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டார்.

எடுத்தேன். குச்சனூருக்குக் கீழே ஆற்றில். சனிக்கிழமை என்றால் சனீஸ்வரன் கோயிலுக்கு வருகிற கூட்டம் படித்துறையில் நிற்கும் என்று செவ்வாய்க்கிழமை காலையில் வைத்தார்கள். வெள்ளைப் புடவை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்தேன். பாஸ்டர் பின்கழுத்தைப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினார். மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே எழுந்தேன். கரையில் எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அந்த நேரம் என் மனசில் இருந்தது அவர் ஒருத்தர்தான். கர்த்தரைச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன்.

விஷயம் தெரிந்ததும் அப்பா வாசலில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "நாங்க ஊத்துன தண்ணி பத்தலைன்னு போயி முங்கிட்டு வந்திருக்கா. இனி இங்கன வராத ஆத்தா." கல்யாணத்துக்கு அம்மா மட்டும் வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிடாமல் போனாள்.

ஒரு வருடம் கழித்து நான் உண்டானதும் அப்பா பேச ஆரம்பித்தார். பேரப்பிள்ளை என்றதும் ரோஷம் கரைந்துவிட்டது. ஏழரை மாதத்தில் எனக்கு வலி எடுத்தது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை. ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். காலில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் 'பேபி ஆஃப்' என்று போட்டு என் பேர்.

ஏன் என் பேர் என்றால், அவனுக்குப் பேர் இல்லை. எங்கள் ஆட்களில் பேர் தண்ணீரோடுதான் வரும் என்று சொன்னேன் அல்லவா? அவர்கள் சபையிலோ நாற்பதாம் நாள் பிரதிஷ்டை. பிள்ளையை மேடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாஸ்டர் ஜெபித்து, கர்த்தர் தனக்குக் கொடுத்த பேர் என்று ஒன்றைச் சொல்வார். அதுவரைக்கும் வீட்டில் யாரும் பேர் பேசக்கூடாது. இரண்டு பக்கமும் பேரைத் தங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். நானும் அவர்கள் வைப்பார்கள் என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாம் நாளே ஆரம்பித்தது சண்டை. கண்ணாடிப் பெட்டி இருந்த அறைக்கு வெளியே, செருப்பு கழற்றிப் போடுகிற இடத்தில், அப்பாவும் மாமாவும்.

"சாமியார இங்கனயே கூட்டியாறேன். ஒரு கை தண்ணி. பிள்ள இருந்தாலும் நல்லது, போனாலும் மோட்சத்துக்குப் போகும்" என்றார் அப்பா.

"பச்சப்பிள்ளைக்கு என்னய்யா பாவம்? அது என்ன திருடுச்சா, பொய் சொல்லுச்சா? பிள்ளைகளக் கர்த்தர் சும்மாவே ஏத்துக்குவாரு. உங்க சாமியாரு தண்ணி ஊத்தலைன்னா ஏத்துக்காத சாமி என்ன சாமி?" என்றார் மாமா.

"ஏத்துக்குவாருன்னா ஊத்துனா மட்டும் என்ன குறைஞ்சு போகுது?"

"இன்னைக்கி இவனுக்கு ஊத்த விட்டா நாளைக்கி என் சபையில அத்தன பேரும் கேப்பாக, மூப்பர் வீட்டுப் பிள்ளைக்கே தெளிச்சாச்சேன்னு."

இதுதான் விஷயம். இத்தனை வசனத்துக்கும் அடியில் கிடந்தது இதுதான். அப்பாவுக்குக் கோயிலில் தலை நிமிர வேண்டும், மாமாவுக்குச் சபையில் தலை குனியக் கூடாது. உள்ளே ஒரு பிள்ளை மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. நான் தையலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரில் ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பி, நீ என்னம்மா சொல்ற என்று கேட்கவில்லை. சண்டையை நிறுத்தச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்பாவுக்குத் தெரியாததா? கொஞ்சம் பொறு" என்றார். நான் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. ஆற்றில் முங்கியபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள்தானே, இப்போது எந்த வாயால் பேசுவது என்று அடங்கிப்போனேன். அந்தக் கோபம் என் மேல் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பிள்ளை போய்விட்டான்.

அதன்பிறகுதான் கேவலம். மாமா சபைக்கென்று கல்லறைத் தோட்டம் கிடையாது. யாராவது இறந்தால் வேறு சபைக்காரர்களிடம் போய்க் கேட்டு நிற்பார்கள், இல்லையென்றால் சொந்தத் தோட்டத்தில் வைப்பார்கள். மாமாவுக்குத் தோட்டமும் இல்லை. அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். பங்குச் சாமியார் மதுரைக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். கோயில் நாட்டாமைதான் இருந்தார்.

"ஞானஸ்நானம் ஆயிருச்சா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"அப்ப மந்திரிச்ச மண்ணுல வைக்க வழக்கமில்லையேப்பா. மதிலுக்கு அங்கிட்டு, வாய்க்கா வேலியோரம் இருக்குல்ல, அங்கன வச்சுக்கங்க. காலங்காலமா அப்படித்தான்."

மாமாவிடம் வந்து சொன்னார்கள். "மண்ணுதானே, எங்க வச்சா என்ன? ஆவி கர்த்தர்கிட்டப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மண்ணுதானே! ஒரு கை தண்ணீரில் சபையே கவிழ்ந்துவிடும் என்றவருக்கு மண் மட்டும் வெறும் மண்ணாகிவிட்டது.

என்னைக் கூட்டிப்போகவில்லை. பச்சை உடம்பு என்றார்கள். என் வீட்டுக்காரர்தான் கையில் ஏந்திக்கொண்டு போனார். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து முள்வேலிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் குழி. செபமும் இல்லை, பாட்டும் இல்லை. சாமியார் இல்லாமல் எங்கள் ஆட்கள் செய்யவில்லை, அடுத்தவன் ஊரில் நின்று அவர்கள் ஆட்கள் செய்யவில்லை. எதிர்த்தெருவிலிருந்து ஒரு அம்மா மட்டும் வந்தார்களாம், தோட்டங்களில் திராட்சை வெட்டுகிற வேலைக்குப் போகிறவர்கள். புதுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பிள்ளையைச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். எதற்கு வந்தார்கள் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நாற்பது நாள் கழித்து வேலைக்குப் போனேன். எங்கள் லேப் முதலாளி உத்தமபாளையத்து ராவுத்தர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். "எங்கள்ல பிள்ள பெறந்ததும் காதுல பாங்கு சொல்லிருவாக. ஏழாம் நாள் பேரு வச்சுருவாக. நீங்க பிள்ளைக்கு என்ன பேர் நெனச்சிருந்தீகம்மா?" என்று கேட்டார். அவர் ஆறுதலாகத்தான் கேட்டார். அந்த ஒன்பது நாளும் அதற்குப் பிறகும் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் ஒரு பேரும் நினைத்திருக்கவில்லை. எழுந்துபோய் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் வேலையே பாட்டிலில் பேர் ஒட்டுவது. பேர் எழுதாத பாட்டிலை நான் கையில் வாங்கவே மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். முழு மாதம். நர்ஸ் அவளைத் துடைத்துக் காட்டிய உடனே, மயக்கத்திலேயே, அவளுக்கு நான் பேர் வைத்துவிட்டேன். வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் வரிசையில் நின்றார்கள். அப்பா ஞானஸ்நானத்துக்குத் தேதி பார்த்து வைத்திருந்தார். மாமா பிரதிஷ்டைக்குப் பாஸ்டரிடம் பேசி வைத்திருந்தார். "ஒருத்தரும் என் பிள்ள தலையைத் தொடக்கூடாது. ஊத்தவும் வேணாம், மேடையில தூக்கிக் காட்டவும் வேணாம். வளந்து அவளாக் கேட்டா அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அதத்தானே நானும் சொல்றேன்! புத்தி தெரிஞ்சு கேக்கட்டும்." அவர் சந்தோஷப்பட்டதைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில், நாளைக்கே கோயிலுக்குத் தூக்கிப்போய் ஊற்றிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

இப்படியே போயிருக்கும். போன வருடம் லேப்புக்கு ஒரு அம்மா தைராய்டு பார்க்க வந்தார்கள். ஐம்பது வயதிருக்கும். மலையாளப் பேச்சு, கட்டப்பனைப் பக்கம். கையை நீட்டச் சொல்லி ரப்பரைக் கட்டும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேனி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டி அறையில் இருந்த நர்ஸ். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

"மோளே, நான் உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். ஏழு வர்ஷமா நெஞ்சில கிடக்குது" என்றார்கள்.

அந்த ஒன்பதாம் நாள் காலையில், பத்தரை மணி வாக்கில், பிள்ளைக்கு மூச்சு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. டாக்டர் செய்வதையெல்லாம் செய்துவிட்டுப் போய்விட்டார். இந்த அம்மா ஆர்.சி. ஆபத்து நேரத்தில் சாமியார் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்பது எங்களில் உண்டு. அவர்கள் ஊரில் நர்ஸ் படிக்கப் போகிற பெண்ணுக்கு அதைச் சொல்லித்தான் அனுப்புவார்களாம். மருந்து கலக்குகிற சுத்தத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, பிள்ளையின் நெற்றியில் மூன்று சொட்டு விட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன். "யாரக் கேட்டுச் செஞ்சீங்க? நான் மாடியில வார்டுலதானே கிடந்தேன்? நானும் ஒருத்தி இருக்கேன்னு உங்களுக்கும் தோணலையா?" வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பாய் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார்.

அந்த அம்மா அசையவில்லை. கையில் ரப்பர் கட்டியபடியே இருந்தது. "கேக்கணும்னு கதவைத் திறந்தேன் மோளே. வாசல்ல உங்க அப்பனும் மாமனாரும் சண்டை. கதவைச் சாத்திட்டேன். மாடிக்கு வர நேரம் இல்ல. சொன்னா வேலை போகும்னு பயந்து போயிட்டேன்."

ரப்பரை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் நிதானம் வந்ததும்தான் உறைத்தது. எங்களில் பேர் சொல்லாமல் ஊற்ற மாட்டார்களே.

"என்ன பேர் சொன்னீங்க?"

"காலில பாத்தேன். உங்க பேர்தான் இருந்தது. பேரில்லாம எப்படி? எனக்கு ஒரு மோன் பிறந்தா வைக்கணும்னு ஒரு பேர் வச்சிருந்தேன். எனக்கு ரெண்டும் பொண்ணு. அதைக் கொடுத்தேன்."

பேரைச் சொன்னார்கள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். கை தானாகப் போய் மேஜையிலிருந்த லேபிளில் ஒன்றை எடுத்தது. பேர், ஆண், வயது ஒன்பது நாள் என்று எழுதினேன். அந்த லேபிள் இப்போதும் என் போன் உறைக்குள் இருக்கிறது. ஏழு வருடம் எனக்கு ஒரு மகன் செத்துப்போயிருந்தான். அன்றைக்குத்தான் இன்ன பேருடையவன் செத்துப்போனான் என்று ஆனது.

வாய் சும்மா இருந்திருக்கலாம். சாயங்காலம் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், பேரை மட்டும் சொல்லாமல். அம்மா அப்பாவிடம், அப்பா கோயிலில். புதிதாக வந்திருந்த சின்ன வயதுச் சாமியார், அந்த நர்ஸ் கொடுத்தது செல்லும், பிள்ளையின் பேரைச் சொன்னால் கோயில் புத்தகத்தில் எழுதிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா ஓட்டமாக என் வீட்டுக்கு வந்தார்.

"ஏத்தா, உன் மகன் வேதக்காரன்தான்த்தா, நம்ம கோயில் பிள்ள! நாட்டாமையும் சரின்னுட்டாரு. நாளைக்கே எடுத்து உள்ள வச்சுருவோம். பேர மட்டும் சொல்லு, புத்தகத்துல ஏத்தணும்."

மாமா கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். "திருட்டுத்தனமா ஊத்துன தண்ணி எப்படிய்யா செல்லும்? செத்துப்போன பிள்ளைய இப்ப மதம் மாத்துறீகளா? ஏம்மா, நீ பேரச் சொல்லாத."

திரும்பவும் அதே இரண்டு பேர், அதே சண்டை, வாசலில் அதே மாதிரிக் கிடந்த செருப்புகள். அப்போது பிள்ளைக்கு, இப்போது எலும்புக்கு. வந்த கோபத்தில் சோற்றுக் குண்டானைத் தரையில் வைத்த வேகத்தில் மூடி உருண்டு தெருவுக்கே போனது. "நாளைக்கி நானும் வர்றேன். அதுக்குள்ள ஒருத்தரும் வாயத் திறக்கக்கூடாது" என்றேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஏழு வருடத்தில் அந்த இடத்துக்குள் அன்றைக்குத்தான் காலை வைத்தேன். அதற்கு முன்பெல்லாம் ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்திருந்தார்கள், மூக்கைக் குத்தியது. சாமியார் அங்கியோடு நின்றார். நாட்டாமை, அப்பா, கடப்பாறையோடு இரண்டு ஆட்கள். அப்பா கையில் ஒரு சின்ன மரப்பெட்டி, புதிது, வார்னிஷ் வாசம் போகவில்லை. கொஞ்சம் தள்ளி வாய்க்கால் கரையில் மாமாவும் என் வீட்டுக்காரரும்.

பிள்ளையின் குழி மேல் வைத்த கல் எங்கே என்று குனிந்து தேடினேன். ஒரு கல் இல்லை, நிறைய இருந்தன. ஆத்துக் கல், உடைந்த செங்கல், ஒரு அம்மிக் குழவி. புல்லை விலக்கி எண்ணினேன். பதினான்கு.

"இதெல்லாம் யாரு?" என்று நாட்டாமையிடம் கேட்டேன்.

"அதுகளும் பிள்ளைகதான்த்தா. ஞானஸ்நானம் ஆகாம போனதுக."

"அப்ப இவனை மட்டும் உள்ள கொண்டு போவீகளா?"

"இவனுக்குத்தான் தண்ணி பட்டிருச்சே."

சாமியார் குறுக்கே வந்தார். நல்ல பையன், முகம் வாடிவிட்டது. "அம்மா, திருச்சபை இந்த வழக்கத்தையெல்லாம் எப்பவோ விட்டுருச்சும்மா. அன்னைக்கே உள்ளே வச்சிருக்கலாம். பெத்தவங்க விரும்பினாப் போதும்."

எப்பவோ விட்டாச்சாம்! "விட்டுட்டீங்கல்ல, அத எங்க ஊருக்கு வந்து யாராவது ஒருத்தர் சொன்னீங்களா? பூசையில வரி கேட்டீங்க, திருவிழா சொன்னீங்க, இத ஒரு ஞாயித்துக்கிழமை சொல்லியிருந்தா என்ன சாமி? என் பிள்ள முள்ளுக்குள்ள கிடந்திருப்பானா?" அவர் கீழே பார்த்தார். கரையிலிருந்து மாமா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், நான் அவர் பக்கம் பேசுகிறேன் என்ற நினைப்பில். அவர் பக்கம் திரும்பினேன். "மாமா, நீங்க தலையாட்டாதீக. மண்ணுதானேன்னுட்டுப் போனீக. பச்சப்பிள்ளைக்குப் பாவமில்லைன்னு வாய் கிழியப் பேசுனீகளே, பாவமில்லாத பிள்ளைய இங்கன கொண்டாந்து போடச் சொன்னப்போ எங்க போச்சு அந்தப் பேச்சு? அப்ப ஏன் சண்டை போடல?"

அப்பா அழ ஆரம்பித்தார். "ஏழு வருசமா செபம் பண்றேன்த்தா. அவன் உள்ள வந்துரட்டும். பேரச் சொல்லு." அந்த அழுகையும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது. இரக்கமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விடவில்லை.

"கொண்டு போறதா இருந்தா பதினாலையும் கொண்டு போங்க. முடியலைன்னா இந்த மதில இடிச்சு, வேலி வரைக்கும் தள்ளிக் கட்டுங்க. இவனுக்கு மூணு சொட்டு விழுந்துச்சு, அதுகளுக்கு விழல, அதனால இவன் மட்டும் உள்ளன்னா, அந்த உள்ள எனக்கு வேணாம். பேரையும் சொல்ல மாட்டேன். உங்க புத்தகத்துக்கும் இல்ல, அவக சபைக்கும் இல்ல."

"அது எப்படித்தா, அதுக ஞானஸ்நானம் ஆகாததுக…" என்று நாட்டாமை திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் கரையிலிருந்து இறங்கி வந்தார். கடப்பாறையை அந்த ஆளிடமிருந்து வாங்கி, மதிலில் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். ஏழு வருடம் தாமதம். இருந்தாலும் வந்தார். பங்குப் பேரவையில் மதிலைப் பற்றிப் பேசுகிறேன் என்று சாமியார் சொன்னார். பேசுங்கள் என்றேன். ஒவ்வொருவராகப் போனார்கள். அப்பா மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டே போனார். மதில் இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

என் வீட்டுக்காரர் மட்டும் மதிலோரம் நிற்க, மற்றவர்கள் போனபின் உட்கார்ந்து என் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவ்வளவு நாள் கழித்து முதல் தடவை. என்ன பேசினேன் என்பது எனக்கும் அவனுக்கும்.

எழுந்து திரும்பினால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா நின்றிருந்தார்கள். தலையில் துண்டு, கையில் திராட்சை வெட்டுகிற கத்தரி. என் பிள்ளைக்குத் துண்டு கொண்டுவந்தவர்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் கத்தியது எல்லாம் தோட்டத்துக்குள் கேட்டிருக்க வேண்டும்.

"அந்த மூணாவது கல்லு என்னோடதுத்தா. பொட்டப்பிள்ள. பெறந்து ஒரு நாளு. சாமியார் வர்றதுக்குள்ள போயிருச்சு" என்றார்கள்.

"அவளுக்கு என்ன பேர் நெனச்சிருந்தீக?" என்று கேட்டேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். யோசிக்கக்கூட இல்லை. நான் கேட்டு வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டார்கள்.